உங்களுக்குத் தெரியுமா? படத்துக்குள்ளே எழுதியிருக்கும் குறிப்புகள்

போனில் எடுத்த படம் ஒன்றைத் திறந்து 'விவரங்கள்' என்ற இடத்தைத் தொட்டுப் பாருங்கள். தேதி, நேரம், போனின் மாடல், ஷட்டர் ஸ்பீட், சில படங்களில் வரைபடத்தில் ஒரு புள்ளி. இத்தனையும் படத்தின் ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. எந்தத் தகவலை எந்த எண்ணின் கீழ், எத்தனை பைட்டில் எழுதுவது என்று சில குழுக்கள் கூடிப் பேசி விதி வகுத்திருக்கின்றன. அந்த விதிகள் நம் வீட்டு ஆல்பம் வரைக்கும் வருகின்றன. நம் ஊரின் பெயர் ஒரு படத்தில் முழுதாக நிற்குமா, பாதியில் அறுந்துபோகுமா என்பதுகூட அவற்றின் கையில்தான் இருக்கிறது.

● கேமராக்கள் எழுதும் இந்தக் குறிப்புகளுக்கான தரத்தின் பெயர் எக்ஸிஃப். ஜப்பானின் மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் 1995 அக்டோபரில் முதல் பதிப்பை வெளியிட்டது. கடைகளில் டிஜிட்டல் கேமராவே அரிதாகத் தென்பட்ட காலம் அது. இன்று ஜெய்ட்டா, சிபா என்ற இரண்டு ஜப்பானிய அமைப்புகள் அதைப் பராமரிக்கின்றன. எந்த நாட்டு நிறுவனத்தின் போனாக இருந்தாலும் படத்துக்குள் எழுதுவது இந்த ஜப்பானியத் தரத்தின்படிதான்.

● எக்ஸிஃப் தனக்கென்று புதிய அமைப்பு எதையும் உருவாக்கிக்கொள்ளவில்லை. ஆல்டஸ் நிறுவனம் 1986-ல் கொண்டுவந்த டிஃப் என்ற பட வடிவத்தின் உள்ளமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு குறிப்புக்கும் 12 பைட்: 2 பைட்டில் எந்தத் தகவல் என்று சொல்லும் டேக் எண், 2 பைட்டில் அது எழுத்தா எண்ணா என்ற வகை, 4 பைட்டில் எத்தனை என்ற கணக்கு, மீதி 4 பைட்டில் தகவலோ, தகவல் இருக்கும் இடத்தின் முகவரியோ.

● அந்த டிஃப் பகுதியின் முதல் இரண்டு எழுத்துகள் 'ஐ.ஐ.' என்றோ 'எம்.எம்.' என்றோ இருக்கும். முன்னது இன்டெல் சிப்கள் எண்களை அடுக்கும் வரிசை, பின்னது மோட்டோரோலா சிப்களின் வரிசை. அடுத்து வரும் எண் எப்போதும் 42. டிஃப் தரத்தின் 5-ஆம் பதிப்பை எழுதியவர்கள், ஆழ்ந்த தத்துவப் பொருள் கருதியே 42-ஐத் தேர்ந்தெடுத்ததாகக் குறித்தார்கள். 1992-ல் வந்த 6-ஆம் பதிப்பில் அந்த விளக்கம் போய்விட்டது. எண் மட்டும் நிலைத்துவிட்டது. நேற்று நீங்கள் எடுத்த படத்தின் எக்ஸிஃப் பகுதியிலும் அந்த 42 இருக்கிறது.

● டேக் எண் 271 என்றால் கேமராவைச் செய்த நிறுவனம். 272 மாடல். 315 படம் எடுத்தவர். 33432 காப்புரிமை. போனில் எடுத்த படங்களில் முதல் இரண்டும் தவறாமல் நிரம்பியிருக்கும். கடைசி இரண்டும் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். கேமராவின் பெயர் பதிவாகி, எடுத்த மனிதரின் பெயர் பதிவாகாமல் போவது எனக்குப் பெரிய வருத்தம். பல கேமராக்களின் மெனுவில் பெயரையும் காப்புரிமைக் குறிப்பையும் ஒருமுறை தட்டச்சு செய்து வைக்கலாம். அதன்பின் எடுக்கும் எல்லாப் படங்களிலும் அது தானாக ஏறிவிடும்.

● போனில் நேராகத் தெரியும் படம், கம்ப்யூட்டரில் ஏற்றியதும் ஏன் சாய்ந்து படுத்துக்கொள்கிறது? போனை நிமிர்த்திப் பிடித்தாலும் உள்ளே இருக்கும் சென்சார் படுக்கைவாட்டில்தான் பதிவு செய்கிறது. 'காட்டும்போது 90 பாகை திருப்பிக்கொள்' என்று 274-ஆம் டேக்கில் 6 என்ற எண்ணை மட்டும் எழுதி வைக்கிறது. அந்த டேக்கைப் படிக்காத மென்பொருள் படத்தைச் சாய்த்தே காட்டும். இந்த டேக்குக்கு 1 முதல் 8 வரை மதிப்புகள் உண்டு. அவற்றில் நான்கு மதிப்புகள், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிய படங்களுக்கானவை.

● ஜேபெக் ஃபைலில் எக்ஸிஃப் பகுதிக்குக் கிடைக்கும் இடம் 64 கிலோபைட்டுக்குள்தான். அதன் நீளத்தைக் குறிக்க ஒதுக்கியது 2 பைட் என்பதால் அதற்குமேல் எண்ண முடியாது.

● ஜேபெக்கில் இரண்டு தரங்கள் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடுகின்றன. 1992-ல் முழுமை பெற்ற ஜேஃபிஃப் தரம், ஃபைலின் தொடக்கத்துக்கு அடுத்ததாகத் தன் பகுதியே வர வேண்டும் என்கிறது. எக்ஸிஃப்பும் அதே இடத்தைத் தனக்கே கேட்கிறது. இரண்டையும் வைத்திருக்கும் படம் ஏதாவது ஒரு விதியை மீறியே ஆக வேண்டும். படம் காட்டும் மென்பொருள்கள் இதைப் பெரிதுபடுத்தாமல் இரண்டையும் ஏற்றுக்கொள்வதால்தான் படங்கள் திறக்கின்றன.

● படம் எடுத்த நேரத்தை எழுதும் டேக் 36867. ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றுக்கு நடுவிலும் அதில் முக்காற்புள்ளிதான் போட வேண்டும்: 2024:01:15 07:30:00. முடிவுக் குறியையும் சேர்த்து 20 பைட், கூடவும் கூடாது குறையவும் கூடாது.

இதில் பல காலம் இருந்த பெரிய ஓட்டை, எந்த நாட்டு நேரம் என்பதைச் சொல்ல வழியே இல்லாதது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போன குடும்பத்தில், போன் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கேமராவில் யாராவது மாற்றினால்தான் உண்டு. ஊர் திரும்பி எல்லாப் படங்களையும் ஒன்றாகச் சேர்த்தால், சாப்பிட்ட பிறகு எடுத்தது சாப்பிடும் முன் வந்து நிற்கும். இரண்டரை மணி நேர வித்தியாசம் ஒரு நாளின் கதையையே கலைத்துப் போடும். 2016 ஜூலையில் வந்த எக்ஸிஃப் 2.31 பதிப்பில்தான் நேர வித்தியாசத்துக்கென்று தனி டேக்குகள் வந்தன. இந்தியாவில், இலங்கையில் எடுத்த படங்களில் அந்த இடத்தில் +05:30 என்று இருக்கும். தரம் பிறந்து 20 ஆண்டு கழித்து!

● படம் எடுத்த தேதி வேறு, அதை டிஜிட்டல் ஆக்கிய தேதி வேறு என்று எக்ஸிஃப் தெளிவாகப் பிரிக்கிறது. முதலாவதுக்கு 36867, இரண்டாவதுக்கு 36868. தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்தை இந்த ஆண்டு ஸ்கேன் செய்தால், இரண்டாவதில் இந்த ஆண்டும் முதலாவதில் கல்யாண ஆண்டும் வர வேண்டும். ஸ்கேனருக்குக் கல்யாணம் நடந்த ஆண்டு தெரியாது. நாம் உட்கார்ந்து திருத்தாவிட்டால், ஆல்பம் மென்பொருள் அந்தப் படத்தைக் கொண்டுபோய் இந்த ஆண்டுப் படங்களோடு வைத்துவிடும்.

பழைய படங்களை ஸ்கேன் செய்வதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியது. இப்படிப்பட்ட பணியில் படத்தை ஸ்கேன் செய்வதைவிட, எந்த ஸ்டுடியோ, எந்த ஊர், எந்தக் காலம், யார் யார் இருக்கிறார்கள் என்று குறித்து வைப்பதே கடினமான வேலை. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கேட்டு எழுதிவிடுங்கள். அந்தத் தகவலை எந்த மென்பொருளாலும் பின்னால் மீட்டெடுக்க முடியாது.

● ஃபிளாஷ் எரிந்ததா, எரிந்த ஒளி திரும்பி வந்ததைக் கேமரா உணர்ந்ததா, சிவப்புக் கண் தவிர்க்கும் வசதி இயங்கியதா? எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண். 37385-ஆம் டேக்கில் அந்த எண்ணின் பிட்டுகள் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

● ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. மதிப்புக்கு எக்ஸிஃப் ஒதுக்கியது 2 பைட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,535. அவ்வளவு போதும் என்றுதான் 1990-களில் நினைத்தார்கள். 2009-ல் நிக்கான் டி3எஸ் 1,02,400 வரை போனது! அடுத்த ஆண்டே வந்த எக்ஸிஃப் 2.3 பதிப்பில் பெரிய எண்களுக்கான புதிய டேக்குகளைச் சேர்த்தார்கள்.

● அதே 2.3 பதிப்பில்தான் லென்ஸின் பெயருக்கும் கேமராவின் வரிசை எண்ணுக்கும் பொதுவான டேக்குகள் வந்தன. அதுவரை லென்ஸின் பெயரை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய இடத்தில் எழுதிவந்தது. வரிசை எண் படத்திலேயே இருப்பதில் ஒரு பயன் உண்டு. கேமரா திருடுபோனால், பிறகு அதில் எடுத்து இணையத்தில் ஏற்றப்படும் படங்களில் அந்த எண்ணைத் தேடலாம். உங்கள் கேமராவின் எண் பழைய படங்களிலேயே இருக்கும். பெட்டியையும் ரசீதையும் தேட வேண்டாம்.

● கேமரா செய்பவர்கள் மறந்துபோன ஒரு பழைய கணக்கு எக்ஸிஃப்பில் உயிரோடு இருக்கிறது. 1960-ல் அமெரிக்காவில் ஃபிலிம் வேகத்துக்கான தரத்தோடு வந்த ஏபெக்ஸ் முறை அது. அப்பர்ச்சரையும் ஷட்டர் ஸ்பீடையும் மடக்கை எண்களாக மாற்றிவிட்டால், பெருக்கல் எல்லாம் கூட்டலாகிவிடும். எஃப் 8 என்றால் 6; நொடியில் 125-இல் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ 7. கூட்டினால் 13, அதுதான் எக்ஸ்போஷர் வேல்யூ. ஃபிலிம் கேமராக்களின் டயல்களில் இது நிலைக்கவில்லை. ஆனால் எக்ஸிஃப்பின் ஷட்டர், அப்பர்ச்சர், வெளிச்சம் ஆகிய மூன்று டேக்குகளும் ஏபெக்ஸ் எண்களையே கேட்கின்றன.

● காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், கேமரா அண்ணாந்து பார்த்த கோணம், தண்ணீருக்குள் எத்தனை மீட்டர் ஆழம்: இவற்றுக்கும் 2016 முதல் எக்ஸிஃப்பில் டேக்குகள் உண்டு. கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறைகளைப் படமெடுக்கும் ஆய்வாளருக்கு, எந்த ஆழத்தில் எந்த நிலை என்பது படத்தோடேயே வந்துவிடும்.

● எக்ஸிஃப் படங்களுக்கு மட்டுமான தரம் இல்லை. கேமராவில் பதியும் ஒலிக் குறிப்புக்கான வேவ் ஃபைலுக்கும் அதில் விதி இருக்கிறது.

● டேக் 37500-க்குப் பெயர் மேக்கர்நோட். நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளத் தரம் விட்டுக்கொடுத்த இடம். எந்தப் புள்ளியில் ஃபோகஸ் செய்தது, எத்தனையாவது ஷட்டர் சொடுக்கு என்பது போன்ற சுவையான தகவல்கள் பல கேமராக்களில் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் எப்படிப் படிப்பது என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. 2005-ல் நிக்கான் டி2எக்ஸ் கேமராவின் ரா ஃபைலில் வொயிட் பேலன்ஸ் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது தெரியவந்தபோது புகைப்படக்காரர்களிடையே பெரிய எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம். படம் எடுத்தவருக்குச் சொந்தமான தகவலை அவரே படிக்க முடியாமல் பூட்டி வைப்பது சரியில்லை.

இந்தப் பூட்டுகளைப் பொறுமையாக ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தவர் ஃபில் ஹார்வி. கனடாவைச் சேர்ந்த அவர் 2003-ல் வெளியிட்ட எக்ஸிஃப்டூல், ஆயிரக்கணக்கான டேக்குகளைப் படிக்கும் இலவச மென்பொருள். ஆவணக் காப்பகங்களும் தடயவியல் ஆய்வாளர்களும் செய்தி நிறுவனங்களும் இன்றுவரை அதை நம்பியிருக்கிறார்கள். தொழில்துறை சேர்ந்து செய்திருக்க வேண்டிய வேலையைத் தனி மனிதர் ஒருவர் இத்தனை காலம் தாங்கி வந்திருப்பதை நன்றியோடுதான் நினைக்க வேண்டும்.

● எல்லாக் கேமரா கார்டிலும் டிசிஐஎம் என்ற ஃபோல்டர் ஏன் இருக்கிறது? 1998-ல் ஜப்பானில் வகுத்த டிசிஎஃப் என்ற விதி அப்படிச் சொல்கிறது. உள்ளே ஃபோல்டர்கள் 100 முதல் 999 வரை. படங்கள் 0001 முதல் 9999 வரை. ஃபைல் பெயருக்கு 8 எழுத்துகள்தான், அதில் 4 நிறுவனத்தின் விருப்பம். 9999 முடிந்ததும் எண் மறுபடியும் 0001-க்குப் போய்விடும். ஒரே பெயரில் இரண்டு படங்கள் வந்து ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி அழிவதற்குக் காரணம் இதுதான். பெயரின் முதல் எழுத்து அடிக்கோடாக இருந்தால், அந்தப் படம் அடோப் ஆர்ஜிபி என்ற விரிந்த வண்ண வரம்பில் எடுக்கப்பட்டது என்று பொருள்.

● எக்ஸிஃப்பில் இடக்குறிப்பு, பாகை, கலை, விகலை என்று மூன்று பின்னங்களாகப் பதிவாகிறது. கழித்தல் குறி கிடையாது. வடக்கா தெற்கா என்பதைத் தனி டேக் ஒன்றில் ஒற்றை எழுத்தாக எழுத வேண்டும். அந்த எழுத்து தொலைந்தால் மொரிசியஸின் போர்ட் லூயிஸில் எடுத்த படம், வரைபடத்தில் ஓமன் நாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

● 2012 டிசம்பரில், பெலிஸ் நாட்டுப் போலீஸ் விசாரிக்கத் தேடிக்கொண்டிருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபியை வைஸ் இதழின் செய்தியாளர்கள் சந்தித்துப் படம் ஒன்றை வெளியிட்டார்கள். ஐபோனில் எடுத்த அந்தப் படத்தில் ஜி.பி.எஸ். குறிப்பு அப்படியே இருந்தது. அவர் குவாத்தமாலாவில் இருக்கும் இடம் சில மணி நேரத்தில் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. இரண்டே நாளில் அங்கே கைதானார். தகவல் தந்தவர்களைக் காக்க வேண்டிய செய்தியாளர்கள், படத்தை அனுப்பும் முன் பார்க்க வேண்டிய முதல் இடம் எது என்பதற்கு இன்றும் இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

● வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் குறிப்புகள் நீக்கப்பட்டுவிடும். அதே படத்தை 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் எல்லாக் குறிப்புகளும் இடத்தோடு சேர்ந்து போகும். குழந்தை படிக்கும் பள்ளி, தனியாக இருக்கும் பெண்ணின் வீடு, பெயர் வெளியிட விரும்பாமல் புகார் தரும் ஒருவர் நின்ற இடம்: இப்படிப்பட்ட படங்களை டாக்குமென்டாக அனுப்பும் முன் இடக்குறிப்பை எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல், தனி அனுமதி வாங்காத ஆப்களுக்குப் படத்தின் இடக்குறிப்பை மறைத்தே கொடுக்கிறார்கள். ஐபோனில் பகிரும்போதே இடத்தை விலக்கும் வசதி இருக்கிறது.

● எக்ஸிஃப்புக்குள் 160-க்கு 120 புள்ளி அளவில் ஒரு குட்டிப் படமும் இருக்கும். பழைய மென்பொருள்கள் சில, பெரிய படத்தில் முகத்தை வெட்டி நீக்கினாலும் குட்டிப் படத்தை மாற்றாமல் விட்டுவிட்டன. வெட்டியதாக நினைத்த பகுதி உள்ளேயே இருந்தது.

● செய்திப் படங்களுக்கான குறிப்புகள் வேறு வழியில் வந்தவை. 1965-ல் தொடங்கிய ஐ.பி.டி.சி. என்ற பன்னாட்டுப் பத்திரிகை அமைப்பு, 1990-களின் தொடக்கத்தில் தலைப்பு, விளக்கம், படம் எடுத்தவர், ஊர், நாடு என்று செய்தி அனுப்ப வேண்டிய கட்டங்களை வரையறுத்தது. பின்பு அடோப் நிறுவனம் போட்டோஷாப்பில் அதைச் சேர்த்ததும் உலகப் பத்திரிகை அலுவலகங்கள் எல்லாம் அதற்கு மாறின.

அந்தக் கட்டங்களுக்கு அளவு உண்டு. படம் எடுத்தவர் பெயர் 32 பைட், ஊர்ப் பெயர் 32 பைட், குறிச்சொல் 64 பைட், விளக்கம் 2,000 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு 32 தாராளம். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியாக 3. அப்படியானால் 32 பைட்டில் 10 குறியீடுகள்தான் அடங்கும். மதுரைக்கு 15 பைட், நிம்மதியாக நிற்கும். தஞ்சாவூருக்கு 27, அதுவும் தப்பித்தது. திருவண்ணாமலைக்கு 36, கோயம்புத்தூருக்கு 39, திருச்சிராப்பள்ளிக்கு 51. மூன்றும் பாதியில் அறுந்துபோகும். மட்டக்களப்புக்கும் 36, யாழ்ப்பாணத்துக்கு 33 பைட். ஒரே ஒரு பைட் போதாமல் யாழ்ப்பாணத்தின் கடைசிப் புள்ளி உடைந்துபோகிறது!

விதி வகுத்தவர்கள் நம்மை வேண்டுமென்றே விலக்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் மேசையில் தமிழ்ப் படத்தின் மாதிரி ஒன்றுகூட இருந்திருக்காது. அந்த மேசைகளில் நம்மவர்கள் உட்கார வேண்டியதன் அவசியத்தை அந்த ஒரு பைட் சொல்கிறது.

● எக்ஸிஃப்பில் நிலைமை இன்னும் மோசம். படம் எடுத்தவர் பெயருக்கும் காப்புரிமைக்கும் ஆங்கில எழுத்துகள் மட்டும் அடங்கும் ஆஸ்கி வகையைத்தான் அது அனுமதித்தது. தன் சொந்த மொழியான ஜப்பானியத்தைக்கூட அந்தக் கட்டங்களில் எழுத முடியாத தரத்தை ஜப்பான் வகுத்திருந்தது. பயனர் கருத்து என்ற ஒரு டேக்கில் மட்டும் யூனிகோடுக்கு வழி இருந்தது. 2023 மே மாதம் வந்த எக்ஸிஃப் 3.0 பதிப்பில்தான் யூ.டி.எஃப்-8 வகை சேர்ந்தது. தமிழில் உங்கள் பெயரை எழுதி, அது எக்ஸிஃப் விதிப்படி சரி என்று சொல்வதற்கு 1995-லிருந்து 28 ஆண்டுகள் ஆயின. கேமராக்களும் மென்பொருள்களும் 3.0-க்கு மாறினால்தான் அது நம் கைக்கு வரும்.

● அதுவரை தமிழுக்கு நல்ல இடம் எக்ஸ்.எம்.பி. அடோப் 2001-ல் அறிமுகப்படுத்திய இந்த முறை 2012-ல் ஐ.எஸ்.ஓ. தரமானது. ஊர்ப் பெயருக்கு 32 பைட் என்ற தடை இதில் இல்லை. ஒரே தலைப்பைத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று என்று மொழிக்குறியோடு பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஐ.பி.டி.சி. கட்டங்களும் பின்னர் இதற்குள் குடிபெயர்ந்துவிட்டன. நல்ல மென்பொருளில் இன்று 'ஊர்' என்ற கட்டத்தில் திருச்சிராப்பள்ளி என்று எழுதினால் முழுதாக நிற்கும்.

● எக்ஸ்.எம்.பி.யில் படத்துக்கு 5 நட்சத்திரம் வரை தரலாம். நிராகரித்த படத்துக்கு மதிப்பெண் −1.

● ரா ஃபைலின் பக்கத்தில் அதே பெயரில் எக்ஸ்.எம்.பி. என்று முடியும் சிறிய ஃபைல் கிடந்தால், குப்பை என்று அழித்துவிடாதீர்கள். வண்ணத் திருத்தம், குறிச்சொல், விளக்கம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

● ஒரே தகவல் எக்ஸிஃப்பில் ஒன்றாகவும் ஐ.பி.டி.சி.யில் வேறாகவும் எக்ஸ்.எம்.பி.யில் மூன்றாவதாகவும் இருந்தால் எதை நம்புவது? இதைத் தீர்க்கவே அடோப், ஆப்பிள், கேனான், மைக்ரோசாஃப்ட், நோக்கியா, சோனி ஆகியவை 2006-ல் ஒரு குழு அமைத்தன. முன்னுரிமை விதிகளை வெளியிட்டன. எல்லா மென்பொருளும் அதைப் பின்பற்றுவதாகச் சொல்ல முடியாது.

● பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும் மாற்று விளக்கத்துக்கென்று ஐ.பி.டி.சி. 2021-ல் தனிக் கட்டம் சேர்த்தது. விளக்கம் படத்துக்குள்ளேயே இருப்பதால், படம் எந்தத் தளத்துக்குப் போனாலும் கூடவே போகும். தமிழ்ப் பத்திரிகைகளும் நூலகங்களும் இந்தக் கட்டத்தை இன்றே நிரப்பத் தொடங்கலாம்.

● இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65-பி பிரிவின்படி, படத்தில் இருக்கும் உரிமை விவரங்களை வேண்டுமென்றே, அனுமதியின்றி நீக்குவதும் மாற்றுவதும் குற்றம். 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. படம் எடுத்தவர் பெயரை அழித்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

● அதே 65-பி என்ற எண்ணில் பழைய சாட்சியச் சட்டத்திலும் ஒரு பிரிவு இருந்தது. மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும் முறை பற்றியது அது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு இருக்கிறது. அதற்கான சான்றிதழில் ஃபைலின் ஹேஷ் மதிப்பை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை, எழுத வேண்டும். படத்தின் ஒரு புள்ளிகூட மாறாமல் விளக்கத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்தாலே ஹேஷ் முழுதாக மாறிவிடும். விபத்து, தகராறு, சேதம் என்று சாட்சியாகக்கூடிய படம் எடுத்தால், மூல ஃபைலைத் தொடாமல் வைத்துவிட்டு நகலில் மட்டும் எழுதுங்கள்.

● டிஃப்பின் டேக்குகள் பூமியையும் அளக்கின்றன. செயற்கைக்கோள் படங்களுக்கான ஜியோடிஃப், ஒரு புள்ளி தரையில் எத்தனை மீட்டர், படத்தின் மூலை எந்த இடத்தில் என்பதை 33550, 33922 போன்ற டேக்குகளில் எழுதுகிறது. உலகை 6 பாகைக்கு ஒரு மண்டலமாகப் பிரிக்கும் யூ.டி.எம். முறையில் 78 பாகைக் கோடு தமிழ்நாட்டின் குறுக்கே ஓடுகிறது. கோவையும் ஈரோடும் 43-ஆம் மண்டலம். மதுரை, திருச்சி, சென்னை 44. இலங்கை முழுவதும் 44-தான். எந்த மண்டலம் என்ற டேக் தவறினால் மதுரையின் வரைபடம் 6 பாகை தள்ளி அரபிக்கடலில் போய் விழும்.

● மருத்துவமனை ஸ்கேன்களின் தரம் டைகாம். 1985-ல் வேறு பெயரில் தொடங்கி 1993-ல் இந்தப் பெயரைப் பெற்றது. நோயாளியின் பெயர், பிறந்த நாள், அடையாள எண் எல்லாம் படத்துக்குள்ளேயே டேக்குகளாக இருக்கும். பெயருக்கு அது கேட்கும் வரிசை: குடும்பப் பெயர், சொந்தப் பெயர், நடுப்பெயர், முன்னொட்டு, பின்னொட்டு. தமிழர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஓரிடத்தில் தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயராகவும் இன்னோரிடத்தில் அப்பா பெயரை முழுதாகவும் எழுதினால், ஒரே நோயாளி கம்ப்யூட்டரில் இரண்டு பேராகிவிட வாய்ப்பிருக்கிறது. பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மருத்துவர் கண்ணில் பழையது படாமலே போகலாம். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் பெயரை எப்போதும் ஒரே மாதிரி சொல்லுங்கள். பழைய அடையாள எண் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். ஸ்கேன் சி.டி.யை யாரிடம் கொடுத்தாலும் உங்கள் பெயரும் பிறந்த நாளும் அதில் இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

● வானியலாளர்களின் பட வடிவம் ஃபிட்ஸ். 1981-ல் அறிமுகமானது. அதன் குறிப்புகள் வரிக்கு 80 எழுத்துகளாக, யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும். பழைய துளை அட்டைகளின் அகலம் அந்த 80. ஒருமுறை ஃபிட்ஸாக எழுதிய ஃபைல் என்றைக்கும் செல்லும் என்பது அதன் அடிப்படை விதி. 1904 முதல் சூரியனைப் படமெடுத்துவரும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பழைய கண்ணாடித் தகடுகள் டிஜிட்டல் ஆக்கப்பட்டபோது ஃபிட்ஸ் வடிவத்தில் சேமிக்கப்பட்டன. வத்திக்கான் நூலகமும் தன் பழைய கையெழுத்துப் பிரதிகளுக்கு இதையே தேர்ந்தெடுத்தது.

● ஏ.ஐ. உருவாக்கிய படங்களுக்கும் ஐ.பி.டி.சி. தனிக் குறியீடு வைத்திருக்கிறது. படம் கேமராவில் பிடித்ததா, பயிற்சி பெற்ற அல்காரிதம் உருவாக்கியதா என்பதை அந்தக் கட்டம் சொல்லும். ஆனால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே அந்தக் குறிப்பு போய்விடும். எழுதியது உண்மையா என்பதற்கும் உறுதி இல்லை. இதற்காக 2021 பிப்ரவரியில் அடோப், ஆர்ம், பி.பி.சி., இன்டெல், மைக்ரோசாஃப்ட், ட்ரூபிக் சேர்ந்து சி2பிஏ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. எடுத்த கருவி, செய்த திருத்தம் எல்லாவற்றையும் டிஜிட்டல் கையெழுத்தோடு படத்துக்குள் கட்டும் முறை அது. யாராவது நடுவில் மாற்றினால் கையெழுத்து பொருந்தாமல் போய் மாற்றம் தெரிந்துவிடும். 2023 அக்டோபரில் வந்த லைக்கா எம்11-பி, எடுக்கும்போதே இப்படிக் கையெழுத்திடும் முதல் கேமரா. ஸ்கிரீன்ஷாட்டில் இந்தக் கையெழுத்தும் நிற்காது. அதனால், கையெழுத்து இல்லாத படம் எல்லாமே பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் ஊர்ச் செய்தியாளர்கள் கையில் இருக்கும் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் அந்த வசதி வரவில்லை.